எட்டை அடித்துப் போட்ட பூஜ்ஜியம்

ஏழாம் தேதி
புள்ளிவிவரப் பிரிவு (பிரஷ் பெட்டிகளுக்குப் பின்னால்)

வீட்டில் மாப்பிள்ளையும் அலுவலகத்தில் ஐயாவுமான தங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது. நலம் இல்லை. ஆவலும் அவ்வளவாக இல்லை. தாங்கள் பயிற்சி விடுதியில் குளுகுளு அறையும் மூன்று வேளைச் சாப்பாடுமாகச் சௌக்கியமாக இருப்பதாக உங்கள் மாமனார், வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். சந்தோஷம். ஒருவராவது சௌக்கியமாக இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன் செய்தேன், பதினாறு தடவை. செய்தி அனுப்பினேன், தாங்கள் படித்துவிட்டதாக அது காட்டுகிறது, பதில் மட்டும் காணோம். பதிவுத் தபாலில் ஒரு வசதி இருக்கிறது, கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். கையெழுத்துப் போடுவது தங்களுக்குக் கை வந்த கலை.

அலுவலகச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தாங்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பட்டியல்படி, இந்த வருஷம் மாவட்டத்தின் முதல் சுகாதாரப் பிரச்சினை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சொத்தைப் பல். இரண்டாவது, உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களின் தொப்பை. மூன்றாவது, நாய்க்கடி. நாய்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அவை கடிப்பதற்கு முன்னால் குரைக்கவாவது செய்கின்றன. தொப்பையைப் பற்றி நான் பேசினால் எனக்கே மூச்சு வாங்கும். ஆனால் பல்லைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

பல் துலக்கும் பிரஷ் நாற்பது பெட்டி வந்து இறங்கியிருக்கிறது. கிடங்கில் இடம் இல்லையாம், என் அறையில் அடுக்கிவிட்டார்கள். புள்ளிவிவரப் பிரிவு எங்கே என்று தேடி வருகிறவர்கள் பெட்டிகளுக்கு மேலே தெரியும் என் வழுக்கையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பெட்டிகளோடு ஒரு பல் வேஷமும் வந்தது. பஞ்சு அடைத்த கடைவாய்ப் பல், ஆள் உயரம். பிள்ளைகளைச் சிரிக்க வைக்க யாராவது அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போக வேண்டுமாம். எந்தக் காகிதத்தைக் கண்டாலும் முத்திரை குத்தாமல் விடமாட்டாரே நம் கண்காணிப்பாளர், நாம் முத்திரை என்று பெயர் வைத்த அந்தப் புண்ணியவான், என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், உங்களுக்கே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு. எதுக்கு இன்னொரு ஆளைத் தேடணும்?" என்றார். ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு முழங்கால் வலியோடும் ஒரு ரத்த அழுத்த மாத்திரையோடும், நான் பல்லானேன்.

போன செவ்வாய்க்கிழமை பட்டறைச் சந்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆடினேன், மாப்பிள்ளை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் உள்ளே சிரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் தலைமை ஆசிரியை, "பல்லு சார், இந்தப் பக்கம் கொஞ்சம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர் மேசை மேல் ஒரு கண்ணாடி பாட்டில். பள்ளிக்கூடக் குழாயில் அன்று காலையில் பிடித்த தண்ணீராம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடியில் கறுப்பாகக் கசடு. மூடியைத் திறந்ததும் வந்த வாடை, அத்தனை பஞ்சையும் தாண்டி என் மூக்குக்கு வந்தது.

"விளக்கறதுக்கு அழகா சொல்லிக் குடுத்தீங்க. எந்தத் தண்ணில கொப்பளிக்கறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"அது வேற டிபார்ட்மென்ட்டு, டீச்சர்" என்றேன். ஈறு இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். அந்த ஓட்டை வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வயித்துக்குள்ள போன பிறகு எந்த டிபார்ட்மென்ட்டு?" என்று கேட்டார். பல் மூடியைத் திருகிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தது.

இனி சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படியுங்கள்.

சந்தில் இருக்கும் தையல்காரரின் மனைவி போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி இறந்துவிட்டாள். ஏழு மாதம். கண் மஞ்சளாகி நாலாம் நாள் நினைவு தப்பியது, ஆறாம் நாள் முடிந்துவிட்டது, வயிற்றில் இருந்ததும் சேர்ந்து. வண்டியில் கூடவே போனது உங்கள் அக்காள், என் வீட்டுக்காரி. திரும்பி வந்து குளித்துவிட்டு, தன் நர்ஸ் உடையை வாளியில் ஊறப் போட்டுவிட்டு, அந்த வாளிக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் டீ வேண்டுமா என்று கேட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தங்களுக்கும் தெரியும்.

தெரியாததுபோல் இருந்தால், அந்தக் கூட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு நோய்க்கும் மூன்று மதிப்பெண். எத்தனை பேருக்கு வருகிறது, எவ்வளவு கடுமை, நம்மால் எதுவும் செய்ய முடியுமா. மூன்றும் பத்துக்கு. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதால் பெருக்க வேண்டும். கூட்டலில் பூஜ்ஜியம் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். பெருக்கலில் வந்தால் எல்லாவற்றையும் தின்றுவிட்டு ஏப்பம் விடும். இதைத் தங்களுக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். சொத்தைப் பல்: ஒன்பது, இரண்டு, பத்து. மொத்தம் நூற்றுப்பத்து. பட்டறைச் சந்துக் காமாலை: ஐந்து, பத்து, எட்டு. நூற்றிருபது. முதலிடம். அந்த எட்டைத் தாங்கள்தான் எழுதினீர்கள், தங்கள் நீல மையில். "குழாயைச் சரிபண்ற வரைக்கும் குளோரின் மாத்திரை குடுக்கலாம், காய்ச்சிக் குடிக்கச் சொல்லலாம், வீடு வீடா நர்ஸ் போகலாம். இது நம்ம கைக்குள்ள இருக்கறதுதான்" என்று தங்கள் வாயாலேயே சொன்னீர்கள். அந்த நிமிஷம் தங்களை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிறகு டீ வந்தது. தங்களுக்குப் போன் வந்தது. வராந்தாவில் பதினோரு நிமிஷம் பேசினீர்கள். யார் என்று நான் கேட்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சந்தில் பள்ளம் தோண்டும் வேலையை மிச்சம் பிடிக்க, குடிதண்ணீர்க் குழாயையும் கழிவுக் குழாயையும் ஒரே பள்ளத்தில் போட்டு மூடிய பொறியாளர் யார் என்றும் நான் கேட்கப்போவதில்லை. அவர் ஓய்வு பெற்று, தன் வீட்டில் மட்டும் ஆழ்குழாய்க் கிணறு போட்டு, அதற்கு மேல் வடிகட்டியும் மாட்டி, மகளைத் தங்களுக்குக் கட்டிக்கொடுத்து நிம்மதியாக இருக்கிறார். நான் வம்பு பேசுகிறவன்தான், ஆனால் இது வம்பு இல்லை. சந்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

உள்ளே வந்தீர்கள். "குழாய் நம்ம பொறுப்பு இல்ல. அதனால நம்மால முடியாது" என்று எட்டை அடித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டீர்கள். உங்கள் அக்காள் எழுந்து நின்றாள். "ஆம்பளைக்கு வந்தா ஒரு மாசம் படுக்க வச்சுட்டுப் போயிடும் சார். மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா தாங்காது. சந்துல எட்டுப் பேர் இருக்காங்க" என்றாள். கூடப் பிறந்த தம்பியைச் சார் என்று கூப்பிட்டுக் கேட்டாள். அறையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும். நான் சொன்னேன். "எல்லா அம்மாவும் தன் புள்ளைக்கு மார்க் கேக்கற மாதிரி, சிஸ்டர் தன் சந்துக்கு மார்க் கேக்கறாங்க. பேரம் முடிஞ்சா டீ ஆறறதுக்குள்ள குடிச்சிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். தாங்கள்தான் அதிகம். அவள் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தாறு வருஷமாக என் நகைச்சுவையைப் பொறுத்துக்கொண்டவள், ஒரே ஒரு தடவை அது வேலை செய்தபோது உட்கார்ந்துவிட்டாள். "ஏகமனதா முடிவாச்சுன்னு எழுதிக்குங்க மாமா" என்றீர்கள். எழுதினேன். எழுதியது என் கைதான்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், குளோரின் மாத்திரை கேட்டு எழுதினால் "பட்டியலில் எத்தனையாவது எண்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். உங்கள் அக்காள் பணி நேரத்தில் சந்துக்குள் போகக் கூடாது, முதல் மூன்று பிரச்சினைக்குத்தான் நர்ஸ் வெளியே போகலாம் என்று முத்திரை ஒரு சுற்றறிக்கை விட்டுவிட்டார், முத்திரையோடு. அவள் வேலை முடிந்து போகிறாள், கால் வீங்கி வருகிறாள். இதுவரை நாற்பத்தொரு பேருக்குக் காமாலை. கர்ப்பிணிகள் அன்று எட்டுப் பேர் என்றாளே, இப்போது ஏழு பேர். அந்த எண்ணிக்கை குறைந்ததில் எந்த இலாகாவுக்கும் பெருமை இல்லை.

முப்பதாம் தேதி பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. போய்விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் கூட்டத் தலைவரான தாங்கள் ஒரு வரி எழுதினால் மறுபடி திறக்கலாம். ஒரே ஒரு வரி. வார்த்தைகூட நானே தருகிறேன்: "மதிப்பெண்ணை மறுபடி பார்க்கவும்." மூன்று வார்த்தை எழுத நேரமில்லாத அளவுக்குப் பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

இப்படிக்கு,
தங்கள் அக்காளைக் கட்டிய ஒரே தகுதியால் தங்களிடம் இப்படிப் பேச முடிகிற
புள்ளிவிவர உதவியாளன்


பத்தொன்பதாம் தேதி
வீடு

மாப்பிள்ளைக்கு,

பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. உறையை வாசலில் நின்றபடியே பிரித்தேன்.

முதல் காகிதம், தட்டச்சு செய்தது, எனக்கு. "மாமா, வீட்டையும் ஆபீசையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. அது தனி ஒருத்தன் முடிவு இல்ல, எல்லாரும் சேர்ந்து எடுத்தது. ஏகமனதான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. குழாய் சம்பந்தப்பட்ட விஷயத்துல நம்மால ஒண்ணும் பண்ண முடியாதுங்கறதுதான் நிலைமை. இனிமே இது சம்பந்தமா எழுத வேண்டாம்." கீழே தங்கள் கையெழுத்து, பதவி, அலுவலக முகவரி. என்னை மாமா என்று கூப்பிட்டு அதிகாரியாகக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் தாங்களாகத்தான் இருக்கும். சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிறேன், பெட்டிகள் மறைக்காத சுவர் ஏதாவது இருந்தால்.

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஏகமனதாக என்று எழுதியது நான். இனி எழுதாதே என்றதையும் மதித்து விட்டுவிடத்தான் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஓய்வு பெற ஆறு வருஷம் இருக்கிறது, பயம் இருக்கிறது, பல் வேஷம் போட்டாலும் மாதக் கடைசியில் சம்பளம் வருகிறது. தட்டச்சுக் காகிதத்தை மடித்து உள்ளே வைக்கப் போனேன்.

உறைக்குள் இன்னொரு காகிதம் இருந்தது. சின்னது, தங்கள் கையால் நீல மையில் எழுதியது. மேலே "அக்காவுக்கு" என்று இருந்தது. பிறத்தியார் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எனவே அதை இரண்டு தடவைதான் படித்தேன்.

"அக்கா, அவளுக்கு ஆறாவது மாசம். குழாய்த் தண்ணி வாயில படவே கூடாது. அவங்க அப்பா வீட்டு வடிகட்டியையும் நம்ப வேணாம், எங்க தண்ணி எங்க கலக்குதுன்னு யாருக்குத் தெரியும். நல்லா தளதளன்னு கொதிக்க வச்சு, மூடி ஆற வச்சு, நீயே கொண்டு போய்க் குடு. பட்டறைச் சந்துக்குப் போற அன்னைக்குக் கையைச் சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு அவகிட்டப் போ. அவகிட்ட எதுவும் சொல்லாத, பயந்துக்குவா."

மாப்பிள்ளை, இதைத் தாங்கள்தான் எழுதினீர்களா? எங்கே கலக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்கிறீர்கள். தங்களுக்குத் தெரியும். மாமனார் வீட்டு வடிகட்டியைக்கூட நம்பாத அளவுக்குத் தெரியும். ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு பாத்திரமும் அடுப்பும் சோப்பும் போதும் என்று தங்கள் கையெழுத்தே சொல்கிறது. ஒருத்திக்கு முடிகிறது ஏழு பேருக்கு எப்படிப் பூஜ்ஜியம் ஆகிறது? நானும் முப்பது வருஷமாகக் கணக்குப் பார்க்கிறவன், இந்தப் பெருக்கல் எனக்கு வரவில்லை.

காகிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். உங்கள் அக்காள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடி படித்தாள். கிழிப்பாள் என்று நினைத்தேன். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். பத்தொன்பது நாள் கழித்து என்னிடம் பேசினாள், மாப்பிள்ளை. என்ன சொன்னாள் தெரியுமா?

"எட்டுன்னுதான இருந்துது?"

ஆமாம் என்றேன். போய் எடுத்து வந்தேன். சுத்தப் பிரதி எடுத்த பிறகு மதிப்பெண் தாளைக் கிழித்துவிடச் சொன்னீர்கள் அல்லவா? நான் கிழிக்கவில்லை. கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, சோம்பேறித்தனத்தால். நீல மையில் எட்டு, குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்ஜியம், அதன் மேல் தங்கள் சுருக்கொப்பம். அவள் அதை விளக்கடியில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். நான் அந்தப் பேர வேடிக்கையைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். மன்னிப்பு என்று நான் நினைத்துக்கொண்ட ஏதோ ஒன்று. "நீங்க பேசாதீங்க" என்றாள். மறுபடியும் பேச்சு நின்றுவிட்டது. ஆனாலும் முதல் தடவை நின்றதைவிட இது தேவலை.

மறுநாள் காலையிலிருந்து பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது. உங்கள் மனைவிக்கு ஒரு பாட்டில், சந்துக்கு ஏழு பாட்டில். வேலைக்குப் போகும் முன் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போகிறோம். நான் வாயைத் திறப்பதில்லை. ஏழு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு பாட்டில் எத்தனை மணி நேரம் வரும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாகம் எடுத்தால் அவர்கள் குழாயைத்தான் திறப்பார்கள்.

எனவே இரண்டாவது தடவையும் கேட்கிறேன், இந்தத் தடவை மாமாவாக இல்லை. இருபத்திரண்டாம் தேதிக்குள் தங்கள் ஒரு வரி வரட்டும். வராவிட்டால் விதிப்புத்தகம் பதினாலாம் பக்கம்: முடிவு ஏகமனதானது அல்ல என்று பதிவாளர் எழுதிக் கொடுத்தால், பொறுப்புத் தலைவர் மறுகூட்டம் போட்டே ஆக வேண்டும். பதிவாளர் நான்தான். பொய்யாகப் பதிவு செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால் என் கதி என்ன என்று தாங்கள் சட்டம் எடுத்துச் சொல்ல வேண்டாம், படித்துவிட்டேன். தாங்கள் நனையும்போது நானும் நனைவேன். இத்தனை பருமனான ஆள் நனைவதைப் பார்க்க ஊரே வரும்.

இப்படிக்கு,
இன்னும் மூன்று நாள் வரைக்கும்
தங்கள் மாமா


இருபத்தெட்டாம் தேதி

மாப்பிள்ளைக்கு,

தங்கள் வரி வரவில்லை. அதற்குப் பதில் தங்கள் மாமனார் வந்தார். வாசலில் நின்றுகொண்டே, "உங்க பொண்டாட்டி வேலையில இருக்கணுமா வேணாமா?" என்று கேட்டார். "அதை அவகிட்டயே கேளுங்க சார், எங்கிட்ட அவ பேசறதில்ல" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மிரட்டலை இவ்வளவு சுலபமாகச் சமாளித்ததில்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலை எழுதிக் கொடுத்தேன். முத்திரை மூன்று தடவை படித்தார். "சார், இது தற்கொலை" என்றார். "முத்திரை குத்துங்க" என்றேன். குத்தினார்.

அதே இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம், சந்தில் மாவு மில்லில் வேலை பார்க்கிறவரின் மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். முந்தின நாள் காலை நான்தான் அவளிடம் பாட்டிலைக் கொடுத்தேன். கண் லேசாக மஞ்சளாக இருந்ததா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நான் எதையும் உற்றுப் பார்க்காமல் பேசிக்கொண்டே போகிறவன், அன்றைக்குப் பேசவும் இல்லை, பார்க்கவும் இல்லை. இன்றுவரை அவள் கண் திறக்கவில்லை. தாங்கள் பத்தாம் தேதி எழுதியிருந்தால் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ற கணக்கையும் போட்டேன். இரண்டிலும் ஒரே விடைதான் வருகிறது.

நேற்று மறுகூட்டம். பொறுப்புத் தலைவர் பல் டாக்டர். அவருடைய பல்தானே முதலிடம், விடமாட்டார் என்று நினைத்தேன். மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தார். அந்த எட்டின் மேல் விரலை வைத்தார். "பால் பல்லு எப்படியும் விழப்போறதுதான். நான் கீழ உக்காந்துக்கறேன்" என்றார். இந்த ஊரில் நான் மரியாதையாகப் பேச வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது.

தங்கள் சின்னக் காகிதத்தைக் கூட்டத்தில் படித்துவிடலாம் என்று இருந்தேன். அதற்கு ஒரு முன்னுரைகூட யோசித்து வைத்திருந்தேன், நல்ல முன்னுரை, சிரித்திருப்பார்கள். உங்கள் அக்காள் விடவில்லை. "அது என் தம்பி எனக்கு எழுதினது" என்றாள். தாங்கள் அதற்குத் தகுதியானவரா என்று நான் கேட்கவில்லை. எழுந்து நின்று இதை மட்டும் சொன்னாள்: "நான் எங்க வீட்டுல தினமும் எட்டுப் பேருக்குத் தண்ணி கொதிக்க வச்சேன், இப்ப ஏழு பேருக்கு வைக்கறேன். அதுல ஒருத்தி எங்க வீட்டுப் பொண்ணு. இதுல நம்மால முடியாதது எது, யாராவது சொல்லுங்க."

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாராவது ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. யாரும் சொல்லவில்லை. அவளே போய்ப் பூஜ்ஜியத்தை அடித்து எட்டு எழுதினாள். மாத்திரை நாளைக்கு வருகிறது. தண்ணீர் வண்டி இன்று காலை சந்துக்குள் போய்விட்டது. குழாயைத் தோண்டுவது வேறு இலாகா, அதற்கும் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் தோண்டும்போது பள்ளத்தில் என்ன இருக்கும் என்று தங்கள் மாமனாரைக் கேட்டால் சொல்வார்.

தங்களிடம் விளக்கம் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து காகிதம் வரும். என்னிடம் கேட்டு வந்துவிட்டது. அநேகமாகக் கிடங்குக்கு மாற்றுவார்கள். அப்படி மாற்றினால் பிரஷ் பெட்டிகளும் என்னோடு சொந்த இடத்துக்கு வந்துவிடும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தங்களுக்கு ஏதாவது ஆனாலும் வருத்தம் இருக்காது என்று எழுத ஆசை. எழுதிவிட்டேன். அது உண்மையா என்று தெரியவில்லை.

இனிதான் நான் எழுத வந்த விஷயம்.

நேற்று சாயங்காலம் உங்கள் அக்காள் தண்ணீர் கொண்டு போனபோது உங்கள் மனைவி பாட்டிலை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தையல்காரர் வீட்டு விஷயமும் மில்காரர் வீட்டு விஷயமும் அவள் காதுக்கு வந்துவிட்டன, எத்தனை நாள் மறைக்க முடியும். "அண்ணி, பத்து நாளா எனக்கு மட்டும் எதுக்குக் கொதிக்க வச்ச தண்ணி? யார் குடுக்கச் சொன்னது? எப்ப சொன்னாங்க?" என்று கேட்டாள். உங்கள் அக்காள் பொய் சொல்லத் தெரியாதவள், அந்தத் திறமை எல்லாம் நம் இருவருக்கும்தான் பங்கு பிரிந்தது, தங்களுக்கும் எனக்கும். "உன் வீட்டுக்காரனையே கேளு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் அழுதாள். நான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இந்தக் கடிதம் கைக்கு வருகிற அன்றோ மறுநாளோ அவள் தங்களைக் கேட்பாள். எனக்குப் பதில் எழுத வேண்டாம், தலைமை அலுவலகத்துக்கு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் பார்த்துப் பேசுங்கள். தையல் போட்டுக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ, போனைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் அவள் பேசுவாள். ஆறாவது மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்க ஆரம்பிக்குமாம். உங்கள் அக்காள்தான் சொன்னாள், என்னிடம் இல்லை, சுவரைப் பார்த்து.

இருவரும் நல்லபடியாக இருக்கட்டும்.

மாமா